பெரியவங்களுக்கு நைட்டு தூக்கம் வரலையா? மாத்திரைக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க

"நைட்டு பூரா பொட்டுத் தூக்கம் இல்லப்பா." வயசானவங்க இருக்குற வீட்ல காலைல காபி டம்ளரோட சேர்ந்து வர்ற டயலாக் இது. கேட்டுட்டு நாம ரெண்டுல ஒன்னு பண்ணுவோம், "வயசானா அப்படித்தான்மா"ன்னு சொல்லிட்டு ஆபீஸ் கிளம்பிருவோம், இல்லன்னா மெடிக்கல் ஷாப்ல தெரிஞ்சவர்கிட்ட சொல்லி அரை மாத்திரை போட வச்சிருவோம். ரெண்டுமே தப்புன்னுதான் நான் சொல்லுவேன். வயசானா தூக்கம் மாறத்தான் செய்யும், ஆனா அதுல எது சாதாரணம், எது சரி பண்ணக்கூடியதுன்னு பிரிச்சுப் பாக்க முடியும், அதுக்கு தேவை ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் தான். எங்க வீட்ல அம்மா, மாமனார், பெரியப்பான்னு வரிசையா பெரியவங்க, அதனால இத கொஞ்சம் உக்காந்து படிக்க வேண்டியதாப் போச்சு. பிள்ளைங்க படிச்சு வீட்ல செய்யுற மாதிரிதான் எழுதுறேன், பெரியவங்களே படிச்சாலும் நல்லதுதான்.

மொதல்ல மூளை விஷயம்

தூக்கம் கெட்டா மறதி நோய் (டிமென்ஷியா) வந்துரும்னு வாட்ஸ்அப்ல வந்தத பாத்து, அந்த பயத்துலயே தூக்கத்த தொலைச்சவங்க உண்டு. அதனால அளவோட சொல்றேன். இங்கிலாந்துல அரசு ஊழியர்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்த வைட்ஹால் 2 ஆய்வுல இருந்து 2021ல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, கிட்டத்தட்ட 8,000 பேரு, 25 வருஷம். 50, 60, 70ன்னு எல்லா வயசுலயும் தொடர்ந்து 6 மணி நேரமோ அதுக்கும் கம்மியாவோ தூங்கினவங்களுக்கு, 7 மணி நேரம் தூங்கினவங்கள விட டிமென்ஷியா ஆபத்து சுமார் 30 சதவீதம் கூடுதல். அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம் ஆய்வுக்காரங்க 2023ல 60 தாண்டின 346 பேரோட ஆழ்ந்த தூக்கத்த அளந்து பாத்தாங்க, அது வருஷத்துக்கு 1 சதவீதம் கொறைஞ்சா டிமென்ஷியா ஆபத்து 27 சதவீதம் கூடுறதா கணக்கு வந்துச்சு. ஆழ்ந்த தூக்கத்துக்கு ஏன் இவ்ளோ மவுசுன்னா, பகல்ல பாத்தது கேட்டதெல்லாம் ஹிப்போகேம்பஸ்ங்குற சின்ன பகுதியில தற்காலிகமா நிக்குது, அது மூளையோட மேலடுக்குக்கு போய் நல்லா பதியுறது பெரும்பாலும் அந்த நேரத்துல தான். வயசு ஏற ஏற முதல்ல கொறையுறதும் அதே தூக்கம் தான், அதான் சிக்கல்.

"தூங்கும்போது மூளை தன்னைத்தானே கழுவிக்குது"ன்னு ஒன்னு சுத்துதுல்ல, அது 2013ல ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல எலிகள்ல பண்ணின ஆய்வு. தூங்குற எலியோட மூளை செல்களுக்கு நடுவுல இடம் விரிஞ்சு, அமிலாய்டுங்குற கழிவு புரதம் வேகமா வெளியேறுறத பாத்தாங்க. 2024ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல எலிகள்லயே வேற மாதிரி அளந்துட்டு, இல்ல தூக்கத்துல கழுவுறது கொறையுதுன்னு எழுதிட்டாங்க. எலிக்கே இன்னும் பஞ்சாயத்து முடியல, நாம அத வச்சு அம்மாவ பயமுறுத்த வேண்டாம்.

இன்னொன்னும் சொல்லிடுறேன். 2024ல லான்செட்ங்குற மருத்துவ இதழோட நிபுணர் குழு (லான்செட் கமிஷன்) டிமென்ஷியாவ தடுக்கவோ தள்ளிப்போடவோ உதவுற 14 விஷயங்கள வரிசைப்படுத்துச்சு, அதையெல்லாம் சரி பண்ணினா சுமார் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்குன்னு சொல்லுச்சு, அந்த லிஸ்ட்ல தூக்கம் கிடையாது. பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, காது கேக்காம போறது, கண் மங்குறது, மனச்சோர்வு, தனிமை, உடம்ப அசைக்காம இருக்குறது இதெல்லாம் உண்டு. தூக்கம் முக்கியம் இல்லன்னு அர்த்தம் இல்ல, தூக்கம் கெட்டதால மூளை பாதிக்குதா, மூளை பாதிக்க ஆரம்பிச்சதால தூக்கம் கெடுதான்னு பிரிக்குறது கஷ்டமா இருக்கு, ரெண்டு பக்கமும் உண்மை இருக்குற மாதிரிதான் தெரியுது. ஆனா அப்பா காது மெஷின பீரோவுல பூட்டி வச்சுட்டு தூக்கத்துக்கு மட்டும் மருந்து தேடுறதுல புண்ணியம் இல்ல. நம்ம நாட்டுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்குன்னு 2023ல வந்த கணக்கு சொல்லுது, அதனால இது யாரோ வீட்டு விஷயமும் இல்ல.

ஒரு நைட்டு தூங்கலன்னா ஒன்னும் ஆயிடாது. வருஷக்கணக்கா ஓடுற பழக்கத்தப் பத்திதான் இந்த ஆய்வெல்லாம்.

நோட்டு போடுறது எப்படி

நாப்பது பக்க நோட்டு ஒன்னு போதும். ரெண்டு வாரம் எழுதணும். எத்தனை மணிக்கு படுத்தாங்க, தோராயமா எப்ப தூக்கம் வந்துச்சு, நடுவுல எத்தனை தடவை முழிப்பு, எதுக்கு முழிப்பு, காலைல கடைசியா எப்ப எழுந்தாங்க, பகல்ல எங்க எவ்ளோ நேரம் கண்ணசந்தாங்க, காபி டீ எப்ப, மாத்திரை எப்ப. காலைல எழுந்தப்புறம் நெனப்புல இருக்குறத வச்சு எழுதுனா போதும். ராத்திரி ஒவ்வொரு தடவையும் செல்ல எடுத்து மணி பாத்து எழுதக்கூடாது, "அய்யய்யோ ரெண்டே கால் ஆயிடுச்சே"ன்னு மணி பாக்குற பழக்கமே தூக்கத்த கெடுக்கும், சொல்லப்போனா கட்டில்ல இருந்து கண்ணுல படுற மாதிரி கடிகாரம் இருந்தா இன்னிக்கே கழட்டிருங்க. பகல் தூக்கத்த மட்டும் வீட்ல வேற யாராவது பாத்து எழுதணும், ஏன்னா பெரியவங்க யாரும் பகல்ல தூங்குறதா ஒத்துக்கவே மாட்டாங்க, "சும்மா கண்ண மூடி இருந்தேன்"னுதான் சொல்லுவாங்க.

எங்க பெரியப்பா நோட்டுல ஒரு நாள் இப்படி இருந்துச்சு. சாயந்திரம் 7 மணி நியூஸ் பாக்கும்போது ஈசி சேர்ல அரை மணி நேரம் குறட்டை (இது பெரியம்மா கையெழுத்து). 8:15க்கு படுக்கை. 9 மணி வாக்குல தூக்கம். 12:30க்கு பாத்ரூம். 12:50க்கு மறுபடி தூக்கம். 2:45க்கு முழிப்பு, அதுக்கப்புறம் புரண்டு புரண்டு படுத்தது தான். 5 மணிக்கு எழுந்தார். மதியம் சாப்பிட்டு 1:30ல இருந்து 3:15 வரை தூக்கம்.

கூட்டிப் பாருங்க. ராத்திரி கிட்டத்தட்ட அஞ்சரை மணி நேரம், மதியம் ஒன்னே முக்கால், நியூஸ்ல அரை மணி, மொத்தம் ஏழே முக்கால் மணி நேரம் கிட்ட வருது. 65 தாண்டினவங்களுக்கு 7ல இருந்து 8 மணி நேரம்னு அமெரிக்காவோட நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் 2015ல சொன்ன அளவு அப்படியே இருக்கு. "பொட்டுத் தூக்கம் இல்ல"ன்னு அவர் சொன்னது பொய்யும் இல்ல, 2:45ல இருந்து 5 வரைக்கும் இருட்டுல ஃபேன பாத்துட்டு கெடக்குறது அவ்ளோ நீளமா தெரியும். தூக்கம் மூணு இடத்துல சிதறிக் கெடக்கு, அத ஒரே இடத்துல சேக்கணும், அவ்ளோதான் வேலை. 8 மணிக்கு படுக்குறவருக்கு 3 மணிக்கு முழிப்பு வந்தா அது நோய் இல்ல, கணக்கு.

நோட்ட பாத்தா வேற கதையும் தெரியலாம். தூக்கம் வர்றதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகுதுன்னா காபியோ கவலையோ, ராத்திரி நாலு தடவை பாத்ரூம்னா அது யூரின் பிரச்சனை, எட்டு மணி நேரம் தூங்கியும் பகல் பூரா தூங்கி வழியுறாங்கன்னா மூச்சு பிரச்சனை. ஒவ்வொன்னுக்கும் வைத்தியம் வேற, அதனாலதான் நோட்டு முதல்ல.

கட்டில்ல இருக்குற நேரத்த கொறைக்குறது

இதுதான் எல்லாரும் எதிர்க்குற இடம். "தூக்கமே இல்லங்குறேன், நீ என்னடான்னா லேட்டா படுக்கச் சொல்றியேடி"ன்னு பெரியப்பாவும் கேட்டார். ஆனா தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி இந்த மாதிரி பழக்க சிகிச்சையத்தான் முதல்ல குடுக்கணும்னு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016லயே சொல்லிட்டாங்க, வயசானவங்களுக்கும் சேத்துத்தான். சிபிடி-ஐன்னு பேரு, தூக்கத்த கெடுக்குற நெனப்பையும் பழக்கத்தையும் மாத்துற சிகிச்சை. நம்ம பக்கம் இதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆள் கிடைக்குறது கஷ்டம், ஆனா இதோட முக்கால்வாசி வீட்லயே பண்ணக்கூடியது.

செய்முறை இப்படி. ரெண்டு வார நோட்டுல ராத்திரி சராசரியா எவ்ளோ தூங்குறாங்கன்னு பாருங்க. 6 மணி நேரம்னு வைங்க, அதோட அரை மணி சேத்து ஆறரை மணி நேரம் மட்டும் கட்டில்ல இருக்கணும். முதல்ல எழுந்திருக்குற நேரத்த பிக்ஸ் பண்ணுங்க, ஞாயித்துக்கிழமை, அமாவாசை, பேரன் வந்த நாள் எதுவா இருந்தாலும் அதே நேரம். 5 மணிக்கு எழுந்து பழக்கம்னா படுக்கை 10:30க்கு, அதுக்கு முன்னாடி கட்டில் பக்கமே போகக்கூடாது. ஒரு வாரம் பாத்துட்டு, அந்த ஆறரை மணி நேரத்துல அஞ்சரை மணி நேரத்துக்கு மேல தூங்கிருந்தா (85 சதவீதம்னு கணக்கு) அடுத்த வாரம் 15 நிமிஷம் முன்னாடி படுக்கலாம், அப்படியே வாராவாரம் ஏத்திட்டே போய் பகல்ல சோர்வு இல்லாத அளவுல நிறுத்திக்கலாம். முதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும், 9 மணிக்கே கண்ண சொக்கும், எரிச்சல் வரும், வீட்ல யாராவது கூட உக்காந்து பேச்சு குடுத்தாத்தான் ஆச்சு, தாயக்கட்டையோ பல்லாங்குழியோ எடுத்து வைங்க.

ஜாக்கிரதை ஒன்னு. எவ்ளோ கம்மியா தூங்கினாலும் வயசானவங்களுக்கு கட்டில் நேரத்த 6 மணி நேரத்துக்கு கீழ கொண்டு போகாதீங்க. வலிப்பு, பைபோலார் பிரச்சனை இருக்குறவங்க, அடிக்கடி தடுமாறி விழுறவங்க, ஏற்கனவே மறதி நோய் இருக்குறவங்க இத டாக்டர கேக்காம செய்யக்கூடாது. அவங்களுக்கு எழுந்திருக்குற நேரத்த மட்டும் பிக்ஸ் பண்ணி மதியத் தூக்கத்த சுருக்கினாலே நல்ல மாத்தம் வரும்.

இதோட ஜோடியா இன்னொரு விதி, ரிச்சர்ட் பூட்சின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1972ல சொன்னது: கட்டில் தூங்குறதுக்கு மட்டும். படுத்து ஒரு 20 நிமிஷம் ஆன மாதிரி இருந்து தூக்கம் வரலன்னா எழுந்து நாற்காலிக்கு வந்துரணும், மங்கலான வெளிச்சத்துல ரொம்ப சுவாரசியம் இல்லாத வேலை எதாவது பண்ணணும், துணி மடிக்கலாம், ஜெபமாலை உருட்டலாம், சும்மா ஸ்லோகம் சொல்லிட்டு உக்காந்திருக்கலாம், கண்ணு சொக்கினதும் திரும்ப போய் படுக்கணும். டிவியும் செல்லும் கூடாது. எழுந்து நடக்க தடுமாறுறவங்களா இருந்தா கட்டில்லயே தலகாணி வச்சு சாஞ்சு உக்காந்தா போதும், இந்த விதிக்காக ராத்திரி விழுந்து இடுப்ப ஒடச்சுக்க வேண்டாம்.

பகல்ல செய்ய வேண்டியது

மதியத் தூக்கத்த முழுசா நிறுத்தச் சொல்றது கொடுமை, நம்ம வெயில்ல அது நடக்காத காரியமும் கூட. 3 மணிக்குள்ள முடியுற மாதிரி அரை மணி நேரம், அலாரம் வச்சு, முடிஞ்சா கட்டில்ல படுக்காம ஈசி சேர்ல. சாயந்திரம் டிவி முன்னாடி சொக்குறதுதான் உண்மையான வில்லன், அந்த 20 நிமிஷம் ராத்திரியோட ஆழ்ந்த தூக்கத்துல இருந்துதான் போகுது.

வெளிச்சத்துக்கு மூளையோட கடிகாரம் கட்டுப்படும், வயசானா கண்ணு லென்ஸ் மஞ்சளாகி வெளிச்சம் உள்ள போறது கொறையுது, அதனால வீட்டுக்குள்ள டியூப் லைட்டு கீழ உக்காந்திருந்தா பத்தாது, வெளிய வரணும். எல்லாரும் காலை வெயில் காலை வெயில்னு சொல்லுவாங்க, தூக்கம் வர லேட்டாகுறவங்களுக்கு அது சரி. ஆனா 7 மணிக்கே சொக்கி 3 மணிக்கே முழிக்குற ஆளுக்கு சாயந்திர வெயில் தான் மருந்து, 5ல இருந்து 6 வரைக்கும் வாசல்லயோ பார்க்லயோ நடக்க விடுங்க, அது உடம்பு கடிகாரத்த கொஞ்சம் பின்னாடி தள்ளும். 3 மணிக்கு எழுந்து வீடு பூரா லைட் போட்டு வேலைய ஆரம்பிச்சா கடிகாரம் இன்னும் முன்னாடிதான் ஓடும். (9 மணிக்கு படுத்து 4 மணிக்கு எழுந்து குளிச்சு கோலம் போடுறவங்கள விட்ருங்க, அவங்க நம்மள விட நல்லா இருக்காங்க.)

காபிக்கு வருவோம். குடிச்ச காஃபின்ல பாதி உடம்ப விட்டு போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அப்போ 5 மணிக்கு குடிச்ச டிகாஷன்ல பாதி 10 மணிக்கும் உள்ள இருக்கு. 4 மணி காபிய நிறுத்துனா வீட்ல போரே நடக்கும், அதனால மதியம் 2க்கு மேல டிகாஷன பாதியாக்கி பாலக் கூட்டிருங்க, அப்புறம் மெதுவா சுக்கு மல்லிக்கு மாத்திருங்க. டீயும் காபி கணக்குதான். "ஒரு பெக் போட்டா நல்லா தூங்குவேன்"னு சொல்ற தாத்தாக்களுக்கு, தூக்கம் சீக்கிரம் வரும், ரெண்டாம் ஜாமத்துல கலைஞ்சுரும், குறட்டையும் கூடும். ஜாதிக்காய் பால்ல ஒரு சிட்டிகைக்கு மேல போகாதீங்க, ஸ்பூன் கணக்குல போட்டா வாந்தி, படபடப்பு, குழப்பம்னு ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டு போகும்.

தூங்குறதுக்கு உடம்போட உள்சூடு கொஞ்சம் எறங்கணும். படுக்குறதுக்கு ஒன்னு ரெண்டு மணி நேரம் முன்னாடி இதமான வெந்நீர்ல குளிச்சா தோல் வழியா சூடு வெளியேறி தூக்கம் சீக்கிரம் வரும், சித்திரை வைகாசியில வெந்நீர்னு சொன்னா அடிக்க வருவாங்க, அப்ப பச்சத்தண்ணி குளியலும் பருத்தி துணியும் ஃபேனும் போதும்.

ராத்திரி பாத்ரூம் போறது

பாதி வீடுகள்ல உண்மையான பிரச்சனை இதுதான், தூக்கப் பிரச்சனைன்னு பேரு மட்டும். சாயந்திரம் பெரியவங்க கால பாருங்க, கணுக்காலுக்கு மேல கட்டை விரலால அமுக்கி எடுத்தா குழி விழுதா? பகல் பூரா கால தொங்கப்போட்டு உக்காந்ததுல எறங்குன நீர், ராத்திரி படுத்ததும் ரத்தத்துக்கு திரும்பி யூரினா வருது. மதியம் ஒரு மணி நேரம் கால தலகாணி மேல தூக்கி வச்சு படுத்திருந்தா அந்த நீர் பகல்லயே போயிரும். நிறைய பேரு போடுற ஆம்லோடிபின்ங்குற பிபி மாத்திரையே சிலருக்கு காலை வீங்க வைக்கும், அத டாக்டர்கிட்ட சொல்லி மாத்த முடியுமான்னு கேக்கலாம், நீங்களா நிறுத்தக்கூடாது. யூரின் போறதுக்கு குடுத்த மாத்திரைய சாயந்திரம் போடுறாங்களான்னும் பாருங்க, காலைக்கு மாத்தலாமான்னு கேளுங்க. படுக்குறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி தண்ணிய கொறைக்கலாம், ஆனா பகல்ல நல்லா குடிக்கணும், யூரின் வருதேன்னு நாள் பூரா தண்ணியே குடிக்காம இருக்குறது வேற வம்ப இழுத்துட்டு வரும். சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னாலும், ஆம்பளைங்களுக்கு புராஸ்டேட் வீங்கினாலும் இதே தொல்லை தான்.

கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு தடவை இருட்டுல நீங்களே நடந்து பாருங்க. சுருண்டு கெடக்குற மிதியடி, சார்ஜர் வயரு, வழுக்குற தரை, எல்லாம் அப்பத்தான் தெரியும். ஜீரோ வாட்ஸ் பல்பு மஞ்சள்லயோ சிவப்புலயோ கீழ எரியட்டும், டியூப் லைட்ட போட்டா தூக்கம் முழுசா போயிரும். எழுந்ததும் கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் கால தொங்கப்போட்டு உக்காந்துட்டு அப்புறம் நிக்கச் சொல்லுங்க, சட்டுனு நின்னா பிபி எறங்கி தலை சுத்தி விழுவாங்க.

குறட்டை, உதை, கால் குடைச்சல்

குறட்டைய காமெடியா பாக்குற பழக்கம் நமக்கு. சத்தமா குறட்டை, திடீர்னு நின்னு போகுது, பத்து இருபது செகண்ட் சத்தமே இல்ல, அப்புறம் மூச்சு முட்டி திணறி எழுந்திருக்குற மாதிரி ஒரு சத்தம், இப்படி இருந்தா ஸ்லீப் ஆப்னியாவா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற நோய்) இருக்கலாம். காலைல தலைவலி, வாய் வறட்சி, மூணு மாத்திரை போட்டும் எறங்காத பிபி, ராத்திரி அடிக்கடி யூரின் இதெல்லாமும் இதோட சேர்ந்து வரும். ஒல்லியா இருக்குறவங்களுக்கும் வரலாம், மாதவிடாய் நின்னப்புறம் பெண்களுக்கும் கூடுது, "அம்மாவுக்கு போய் குறட்டையா"ன்னு விட்றாதீங்க. 2011ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல சராசரி 82 வயசுள்ள 298 பெண்கள பாத்தாங்க, தூக்கத்துல மூச்சு தடைபடுறவங்கள்ல சுமார் 45 சதவீதம் பேருக்கு சில வருஷத்துல லேசான மறதியோ டிமென்ஷியாவோ வந்துச்சு, மத்தவங்கள்ல 31 சதவீதம். தூங்கும்போது செல்போன்ல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு நுரையீரல் டாக்டர்கிட்டயோ இஎன்டி டாக்டர்கிட்டயோ காட்டுங்க, ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சையெல்லாம் அளக்குற டெஸ்ட்) எழுதிக் குடுப்பாங்க. மாஸ்க் வழியா காத்த அழுத்தி மூச்சுப்பாதைய திறந்து வைக்குற சிபாப் மெஷின் குடுத்தா முதல் கொஞ்ச நாள் மாஸ்க்க புடிச்சு இழுப்பாங்க, பகல்ல டிவி பாக்கும்போது மாட்டிப் பழக்குனா ராத்திரி சுலபமாகும்.

தூக்கத்துல கத்துறது, கைய வீசி அடிக்குறது, கால உதைக்குறது, கேட்டா "யாரோ தொரத்துனாங்க"ன்னு கனவு சொல்றது, இது அடிக்கடி நடந்தா பேய் ஓட்டப் போகாதீங்க, நரம்பியல் டாக்டர்கிட்ட போங்க. கனவு காணும்போது உடம்பு அசையாம இருக்கணும், அந்த பூட்டு கழண்டு போறதுதான் இது, பார்க்கின்சன், லூயி பாடி டிமென்ஷியா மாதிரி நோய்களுக்கு வருஷங்களுக்கு முன்னாடியே வர்ற அறிகுறியா இருக்கலாம். சில மனச்சோர்வு மாத்திரைகளாலயும் வரும். டாக்டர பாக்குற வரைக்கும் கட்டில சுவரோரம் தள்ளி, பக்கத்துல கூர்மையான சாமான் இல்லாம பாத்துக்குங்க.

சாயந்திரம் ஆனா கால் குடையுது, ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் சுகம்னு சொன்னா இரும்புச்சத்து டெஸ்ட் எடுங்க, ஹீமோகுளோபின் மட்டும் இல்ல, உடம்புல சேமிப்புல இருக்குற இரும்ப காட்டுற ஃபெரிட்டினும். அது கொறைஞ்சிருந்தா சரி பண்ணினதும் நிறைய பேருக்கு குடைச்சல் கொறையும்.

தூக்க மாத்திரை

இதுக்கு மேலதான் எனக்கு கோவமே வரும். அல்பிரசோலம், டயசெபம், குளோனசெபம், சோல்பிடெம் இதெல்லாத்தையும் வயசானவங்களுக்கு முடிஞ்சவரை தவிர்க்கணும்னு அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கத்தோட பியர்ஸ் லிஸ்ட் சொல்லுது, கடைசியா 2023ல புதுப்பிச்சாங்க. காரணம் ரொம்ப சாதாரணம், மாத்திரையோட மப்பு காலைலயும் போகாது, தடுமாறி விழுவாங்க, இடுப்பு எலும்பு ஒடையும், குழப்பம் வரும், நெனப்பு மந்தமாகும், பிள்ளைங்க அத பாத்து மறதி நோய் வந்துருச்சுன்னு நெனப்பாங்க. குறட்டை நோய் இருக்குறவங்களுக்கு மூச்சையும் அமுக்கும். இங்க அல்பிரசோலம், டயசெபம், சோல்பிடெம் எல்லாம் 2014ல இருந்து ஷெட்யூல் எச்1ல இருக்கு, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாது, கடைக்காரர் நோட்டுல பதிஞ்சு வைக்கணும். நடைமுறை எப்படி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

"அது வேண்டாம், சும்மா அவில் போட்டுக்குறேன்"னு சொல்றவங்க இன்னொரு கூட்டம். பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகளும், தூக்கம் வர்ற சளி இருமல் மருந்துகளும் நினைவாற்றலுக்கு தேவையான அசிட்டைல்கோலின்ங்குற ரசாயனத்தயே அடக்குது, வயசானவங்களுக்கு வாய் வறண்டு, மலச்சிக்கலாகி, யூரின் அடைச்சு, சில சமயம் ஆளே மாறி உளற ஆரம்பிச்சுருவாங்க. இதுவும் அதே பியர்ஸ் லிஸ்ட்ல இருக்கு.

ஏற்கனவே வருஷக்கணக்கா போட்டுட்டு இருக்காங்களா, இத படிச்சுட்டு இன்னிக்கு ராத்திரியே டப்பாவ தூக்கி எறிஞ்சுராதீங்க. திடீர்னு நிறுத்துனா வலிப்பே வரலாம். டாக்டர் மேற்பார்வையில வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும், அப்படி கொறைக்கும்போது மேல சொன்ன கட்டில் கணக்க கூட சேத்து செஞ்சா வெற்றி வாய்ப்பு ஜாஸ்தி.

ஏற்கனவே மறதி நோய் இருந்தா

டிமென்ஷியா வந்தவங்களுக்கு சாயந்திரம் ஆனதும் பரபரப்பு கூடும், "வீட்டுக்கு போகணும்"னு சொந்த வீட்டுலயே நின்னு சொல்லுவாங்க, ராத்திரி நடப்பாங்க. வாதாடாதீங்க, "சரிம்மா, காபி குடிச்சுட்டு போலாம்"னு பேச்ச மாத்துங்க (டிகாஷன் இல்லாத காபி). இருட்டுறதுக்கு முன்னாடியே லைட் போட்டு வைங்க, நெழல பாத்து பயப்படுறது கொறையும். பகல்ல வெயில், நடை, சின்னச் சின்ன வேலை, கீரை ஆயுறது, பட்டாணி உரிக்கறது. பாத்துக்குறவங்களும் மாறி மாறி தூங்கணும், ஒரே ஆள் எல்லா ராத்திரியும் முழிச்சா ரெண்டு நோயாளி ஆயிடும், முதியோருக்கான 14567க்கும் மனநலத்துக்கான 14416க்கும் போன் பண்ணி பேசலாம், ரெண்டும் இலவசம்.

ஒன்ன மட்டும் தள்ளிப்போடாதீங்க. நல்லா இருந்தவங்க ரெண்டு மூணு நாள்ல திடீர்னு ராத்திரி பகல் மாறி, ஆள அடையாளம் தெரியாம பேசுறாங்கன்னா அது மறதி நோயோட வேகம் இல்ல, யூரின் இன்ஃபெக்ஷனோ, சோடியம் கொறைஞ்சதோ, புதுசா ஆரம்பிச்ச மாத்திரையோ இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. விடியக்காலை 3 மணிக்கு முழிச்சு, எதுலயும் பிடிப்பு இல்ல, சாப்பாடு எறங்கல, "நான் எதுக்கு இருக்கணும்"னு பேச்சு வருதுன்னா அது மனச்சோர்வு, அதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு, வயசுல வர்ற அலுப்புன்னு விட்றாதீங்க.

டாக்டர பாக்கப் போகும்போது அந்த நோட்டு, குறட்டை வீடியோ, வீட்ல இருக்குற எல்லா மாத்திரை ஸ்ட்ரிப்பும் ஒரு கட்டைப்பைல போட்டு எடுத்துட்டு போங்க, சித்த மருந்து, இருமல் டானிக், பக்கத்து வீட்டக்கா குடுத்த வலி மாத்திரை உட்பட. அஞ்சு நிமிஷம் தான் கிடைக்கும், அதனால "தூக்கம் வரல டாக்டர்"னு ஆரம்பிக்காதீங்க, ஆரம்பிச்சா கை நேரா தூக்க மாத்திரைக்குத்தான் போகும். நோட்ட திறந்து வச்சு, "ராத்திரி அஞ்சு மணி நேரம் தூங்குறாங்க, மூணு தடவை யூரின், குறட்டை நடுவுல நிக்குது, இந்த மாத்திரையில தூக்கத்த கெடுக்குறது எது, எத வேற நேரத்துக்கு மாத்தலாம்"னு கேளுங்க.